கெண்டைக்கால் பிடிப்பு: ரோலர் இழுக்கும் நாளில் வேகப் பயிற்சி வேண்டாம்

அண்ணாச்சி, மைதான வேலை நாளில் மதியம் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். விடியக்காலை சைக்கிளில் 40 கி.மீ. வேகமாக மிதித்துவிட்டு, பாளையங்கோட்டை வெயிலில் மைதானத்தில் தரையை அழுத்தும் ரோலர் இழுத்தால் மதியம் கெண்டைக்கால் பிடிக்கத்தான் செய்யும். உப்புக் குறைவு மட்டும் காரணமில்லை. களைத்த தசைதான் முதலில் இழுக்கும். ரோலர், புல்வெட்டு உள்ள நாளில் கனமான கியரை விட்டு, பெடல் நிமிடத்துக்கு 85 சுற்று வருமாறு லேசாக ஒரு மணி நேரம் போதும். வேகப் பயிற்சியை மைதானத்துக்குத் தண்ணீர் மட்டும் விடும் நாளுக்கு மாற்றுங்கள்.

சீட்டையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். எட்டவில்லையா, சீட் உயரம் அதிகம். விரல்நுனியால் மிதிப்பீர்கள், சுமை முழுக்கக் கெண்டைக்கால்மேல் விழும். 5 மி.மீ. இறக்கி நாலு நாள் ஓட்டிவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி இறக்குங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சீனி. வேலையினூடே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓட்டி முடித்ததும் டீயோடு நிறுத்தாமல் மோர் விட்ட பழையசோறும் அவித்த பயறும் சாப்பிடுங்கள். (ரத்த அழுத்தம் இருந்தால் உப்பை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஆனி, ஆடியில் அம்பாசமுத்திரம் பக்கம் போனால் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று எதிர்க்கும். திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். வேலைக்கு முன் ஓட்ட அந்தத் திசைதான் தோது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.