ராட்டினத்தில் முறிந்த கை: ‘சொந்தப் பொறுப்பு’ பலகை செல்லுமா?

கேள்வி: கோவையிலிருந்து மூன்று வாரங்களுக்கு முன் குடும்பத்தோடு ஊட்டிக்குச் சென்றோம். ஒரு தனியார் பூங்காவில் சின்ன ரோலர் கோஸ்டரில் நானும் 11 வயது மகளும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். வளைவில் மடிமேல் இருந்த கம்பி திறந்துகொண்டது. மகள் முன்னிருக்கையில் மோதி மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கம்பியின் கொக்கியில் நைலான் கயிறு சுற்றியிருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். ‘குழந்தை எழுந்து நின்றது, இங்கே எல்லாம் சொந்தப் பொறுப்பு என்று பலகையே வைத்திருக்கிறோம்’ என்கிறார் மேலாளர். 5,000 ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா? இதையெல்லாம் அரசு சோதிக்காதா?

பதில்: முடியும். அந்தப் பலகை உங்களைத் தடுக்காது. வேகத்தில் தலைசுற்றுவது, வாந்தி வருவது போன்றவை நீங்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டவை. பூட்டு பழுதான வண்டியில் ஏற்றிவிடுவதை யாரும் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதாது. உங்கள் மகள் மைனர் வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 11ஆம் பிரிவின்படி அவளால் ஒப்பந்தமே செய்ய முடியாது எனும்போது, பலகையைப் படித்து ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல வழியில்லை.

5,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழு நிறைவாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு வரி பிறகு பெரிய தலைவலியாகும். குழந்தைகளின் மணிக்கட்டில் எலும்பு வளரும் பகுதி மூட்டை ஒட்டியே இருக்கிறது. முறிவு அதைத் தொட்டிருந்தால், கை வளைவாகவோ குட்டையாகவோ வளர்வது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். எலும்பு மருத்துவரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் வாங்கியே ஆகவேண்டிய நிலை என்றால், ‘மருத்துவச் செலவுக்காக மட்டும், என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இந்த வழக்கின் உயிர் அந்தக் கொக்கியில் இருக்கிறது. சிறிய கோஸ்டர்கள் பலவற்றில் மடிக்கம்பியின் அச்சில் ஒரு பல்சக்கரம் இருக்கும். கம்பியைக் கீழே அழுத்தும்போது ‘டக், டக்’ என்று கேட்பது, ஸ்பிரிங் தள்ளும் ஒரு நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழும் ஓசை. நாக்கின் முனை தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஓசை கேட்கும், ஆனால் பிடி நிற்காது. ஊட்டியின் பனியும் சாரலும் ஸ்பிரிங்கையும் இணைப்பு ஆணியையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். சமவெளியில் போதுமான பராமரிப்பு மலையில் போதாது. ஒழுங்கான வடிவமைப்பில் ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும்படி இரண்டு பூட்டுகள் இருக்கும். எல்லாக் கம்பியும் பூட்டினால்தான் வண்டி நகரும்படி மின்தடுப்பும் இருக்கும். கயிறு சுற்றியிருந்தது என்றால் பூட்டு நிற்கவில்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். மறதி என்றோ விபத்து என்றோ அதைச் சொல்லித் தப்ப முடியாது.

இன்னொன்று, நீங்கள் இருவரும் ஒரே கம்பிக்குப் பின்னால் இருந்தீர்கள். கம்பி உங்கள் தொடையில் தட்டி நின்றிருக்கும். மகளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். பெரியவரையும் குழந்தையையும் அப்படிச் சேர்த்து உட்கார வைக்கலாமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்ல வேண்டும். அதைக் கேளுங்கள். இந்த இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்தது சாட்சி. ஒரு ராட்டினத்தில் ஓர் இருக்கையின் உணரியை (சென்சார்) கையால் மாற்றி, தோள்கம்பி வழக்கத்தைவிட அகலமாக இருந்தாலும் ‘பூட்டியாயிற்று’ என்று காட்டும்படி வைத்திருந்தார்கள். 14 வயதுச் சிறுவன் அந்த இடைவெளி வழியே விழுந்து இறந்தான்.

இனி வேகம் முக்கியம். பல இடங்களில் சிசிடிவி பதிவு 15 முதல் 30 நாளில் தானாக அழிந்துவிடும். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது. இன்றே ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையுடன், ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அன்றைய சிசிடிவி பதிவு, அந்த ராட்டினத்தின் தினசரிச் சோதனைப் பதிவேடு, காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்த குறிப்பு, இணைப்பு ஆணிகளிலும் வெல்டிங்கிலும் செய்த விரிசல் சோதனையின் அறிக்கை, இயக்குபவரின் பயிற்சிச் சான்று, காப்பீட்டு பாலிசி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கவும் நகல் தரவும் கேளுங்கள். கேட்ட பிறகு பதிவேடு ‘காணாமல்’ போனால், அதுவே அவர்களுக்கு எதிராகப் பேசும். உங்கள் படம் உள்ள போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின் சான்று இணைக்க வேண்டியிருக்கும். டிக்கெட் தொலைந்திருந்தால் யுபிஐ கட்டண விவரம் போதும். மலைக்கு வர எடுத்த இ-பாஸும் தேதிக்கு நல்ல துணைச் சான்று.

மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கினீர்களா? அதில் ‘தவறி விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால், பூங்காவின் பெயரோடு நடந்ததை எழுதி ஒரு மனு கொடுத்து வையுங்கள். அந்த எல்லைக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகார் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம், வழக்குப் பதியச் சொல்லுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 125(பி) பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது, இயந்திரத்தை அலட்சியமாகக் கையாண்டதற்கு 289ஆம் பிரிவும் இருக்கிறது. வழக்குப் பதியாவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள்.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையமே சிறந்த வழி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ‘சேவை’ விளக்கத்தில் கேளிக்கை என்ற சொல்லே இருக்கிறது. நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையேற வேண்டாம். எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதை வைத்தல்ல, நீங்கள் செலுத்திய தொகையை வைத்தே எந்த மட்டத்து ஆணையம் என்பது தீர்மானிக்கப்படுகிறது. 5 லட்சம் வரை செலுத்தியவர்களுக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு 2 ஆண்டு. பூங்கா உரிமையாளரை மட்டும் சேர்க்காதீர்கள்: ராட்டினங்களை ஒப்பந்தத்தில் வேறொருவர் ஓட்டுவது வழக்கம், அவரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் சேருங்கள். மனுவோடு இடைக்கால மனு ஒன்றும் போட்டு, பொறியாளரை வைத்து அந்தக் கொக்கியைச் சோதிக்கக் கேளுங்கள். குழந்தை எழுந்து நின்றது என்பதற்கு உங்கள் பதில் இதுதான்: சரியாகப் பொருந்திப் பூட்டிய கம்பிக்குப் பின்னால் எழுந்து நிற்க முடியாது.

அரசு சோதிக்காதா என்ற கேள்வி நியாயமானது, பதில் வேதனையானது. இரண்டு மாடி லிப்டுக்குக்கூடத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமமும் ஆய்வும் உண்டு. குழந்தைகளைச் சுழற்றி எறியும் வண்டிக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. உள்ளாட்சி உரிமம், தீயணைப்புத் துறை, மின் ஆய்வு, கட்டட உறுதி என்று ஆளுக்கொரு துண்டு பார்க்கிறார்கள்; மடிக்கம்பியின் நாக்கைப் பார்ப்பது யார் வேலையும் இல்லை. ராட்டினப் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தரநிலை 2004லேயே வந்துவிட்டது. வெறும் பரிந்துரையாக இருப்பதால், பின்பற்றாதவர் கடையை மூட வேண்டியதில்லை. 2019இல் அகமதாபாத்தில் ராட்டினம் முறிந்து இருவர் இறந்தார்கள். சுயேச்சையான பொறியாளரின் ஆண்டுச் சான்றும், விபத்தைக் கட்டாயம் தெரிவிக்கும் விதியும் சட்டமாக வேண்டும். பூங்காக்காரர்களின் நல்ல மனதை நம்பி விடக்கூடிய விஷயம் அல்ல இது.

சட்டம் வரும்வரை ஆயுதம் உங்கள் கையில் இருக்கிறது. அந்த உள்ளாட்சிக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போட்டு உரிம நகலும் கடைசி ஆய்வறிக்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அத்தோடு படத்தை இணைத்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152ஆம் பிரிவில் கோட்டாட்சியருக்கு மனு கொடுத்து, சோதனை முடியும்வரை அந்த ராட்டினத்தை நிறுத்தக் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் இதைச் செய்யுங்கள். அந்தக் கயிறு இன்னும் அங்கேயேதான் சுற்றியிருக்கலாம்.