வண்டி கடந்துபோன இடம்

கடிதம்:

அன்புள்ள ஐயா,

சீரான வேகத்தில் போகும் வாகனத்தின் மேல் நிகர விசை பூஜ்யம் என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். பள்ளியிலும் அப்படித்தான் படித்தேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. நிகர விசையே இல்லை என்றால் எரிபொருள் எதற்குச் செலவாகிறது? இன்னொரு சந்தேகம்: இரண்டு மடங்கு திறனுள்ள எஞ்சினை மாட்டினால் கப்பல் ஏன் இரண்டு மடங்கு வேகத்தில் போவதில்லை?

ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. பாடப்புத்தகம் வண்டியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. வண்டி கடந்துபோன இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

சைக்கிளை மிதிக்கத் தொடங்கும்போது உந்துவிசை அதிகம், எதிர்ப்பு குறைவு. அதனால் வேகம் ஏறுகிறது. வேகம் ஏற ஏற எதிர்ப்பும் வளர்கிறது. ஒரு கட்டத்தில் அது உந்துவிசையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் நீங்கள் அதே அளவு மிதித்தால் அதே வேகம்தான். சைக்கிளுக்கு இனி எந்த ஆற்றலும் சேரவில்லை, சரி. ஆனால் நீங்கள் ஒதுக்கித் தள்ளிய காற்று உங்களுக்குப் பின்னால் சுழன்றுகொண்டிருக்கிறதே? மிதித்த உழைப்பெல்லாம் அங்கேதான் போயிற்று. நீண்ட தூரம் ஓடி நின்ற காரின் டயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உருளும்போது ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. அதில் போன எரிபொருள்தான் அந்தச் சூடு. ரயிலின் இரும்புச் சக்கரம் அவ்வளவாக நசுங்குவதில்லை. அதனால் அதன் உருளல் தடை கார் டயருடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க முடிகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேகம் இரட்டித்தால் ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்று இரட்டிக்கிறது. அந்தக் காற்றை இரட்டை வேகத்தில் தள்ளவும் வேண்டும். ஆக எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு எதிர்ப்பை இரட்டை வேகத்தில் தாண்ட வேண்டுமென்றால் திறன் எட்டு மடங்கு வேண்டும். சைக்கிளில் 20 கி.மீ. வேகத்தில் காற்றை விலக்க 50 வாட் போதும் என்றால், 40 கி.மீ. வேகத்தில் 400 வாட் தேவை. திருப்பிப் போட்டால் உங்கள் பதில் கிடைக்கும்: திறனை இரட்டித்தால் வேகம் ஏறுவது சுமார் 26 சதவீதம்தான்.

கப்பலுக்கு இதுகூடக் கிடைக்காமல் போகலாம். ஏனென்றால் கப்பல் தண்ணீரோடு உரசுவது மட்டுமில்லை, அலையும் எழுப்புகிறது. ஒரு தொட்டியில் மரக்கட்டையைக் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள். மெதுவாக இழுத்தால் பக்கவாட்டில் சின்னச் சின்ன அலைகள். கொஞ்சம் வேகமாக இழுத்தால் அலைகளுக்கு இடையே உள்ள தூரம் நீளும். இன்னும் இழுத்தால் முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு என்று கட்டையின் நீளமும் அலையின் நீளமும் ஒன்றாகிவிடும். அதையும் தாண்டி இழுத்தீர்களானால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். கட்டை தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறப் பார்க்கிறது. 10 மீட்டர் நீளப் படகுக்கு இந்த நிலை மணிக்கு சுமார் 14 கி.மீ. வேகத்தில் வருகிறது, 100 மீட்டர் கப்பலுக்கு 45 கி.மீ. வேகத்தில். நீளமான கப்பல் வேகமாகப் போக முடிவது இதனால்தான்.

இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். 1867-இல் ஸ்வான், ரேவன் என்று இரண்டு வடிவங்களில் மாதிரிக் கப்பல்கள் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். ரேவனுக்குக் கூர்முனை, ஸ்வானுக்கு மொட்டை முனை. கூர்மையானதுதான் என்றைக்கும் வெல்லும் என்று யாருமே நினைப்போம். குறைந்த வேகத்தில் ரேவன் வென்றது, வேகம் கூடியதும் ஸ்வான் முந்தியது. உராய்வு ஒரு விதியையும் அலை வேறொரு விதியையும் பின்பற்றுவதால், இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுத்தான் சிறிய மாதிரியிலிருந்து பெரிய கப்பலுக்குப் போக முடியும் என்றார் அவர். 1871-இல் கிரேஹவுண்ட் என்ற உண்மையான போர்க்கப்பலையே இன்னொரு கப்பலால் இழுக்கவைத்துச் சரிபார்த்தார். இன்றும் புதிய கப்பல்களின் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்க்கிறார்கள், அவர் காட்டிய வழியில்தான்.

அப்புறம், கடலில் 10 சதவீதம் வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் திறன் 27 சதவீதம் குறைகிறது. பயணம் நீள்வதைக் கழித்தாலும் எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். சரக்குக் கப்பல்கள் எண்ணெய் விலை ஏறும்போது மெதுவாகப் போவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

புரொப்பெல்லரும் அப்படியே. நிறைய தண்ணீரை மெதுவாகப் பின்னால் தள்ளினாலும், கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளினாலும் ஒரே உந்துவிசையைப் பெறலாம். ஆனால் வேகமாகப் போகும் தண்ணீர் அதிக ஆற்றலைக் கொண்டுபோய்விடும். பெரிய சரக்குக் கப்பலின் பின்னால் அவ்வளவு பெரிய புரொப்பெல்லர் அவ்வளவு நிதானமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

அந்த மரக்கட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.