பெரம்பூர் பக்கம் செல்ஃப் சர்வீஸ் ஸ்டேக், பார்பிக்யூ கடைக்குக் குடும்பத்தோடு போனால் எதை வாங்குவது, எப்படி வாங்குவது?

டோக்கன் போட்டு, நாமே போய்த் தட்டு எடுத்துக்கொள்கிற கடை. வீட்டில் ஐந்து பேர், யாரும் இதுவரை ஸ்டேக் (முழுத் துண்டாகக் கல்லில் வாட்டுகிற மாட்டுக்கறி) சாப்பிட்டதில்லை, காசு வீணாகாமல் சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரம்பூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறிதான். இந்த மாதிரிக் கடைகளுக்கும் அடிக்கடி போகிறேன்.

முதல் விஷயம், எல்லாவற்றையும் ஒரே பில்லில் போடாதீர்கள். சர்வர் இருக்கிற ஹோட்டலில் எது முன்னால் வரணும், எது பின்னால் வரணும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். இங்கே அந்த வேலை நம் தலையில். மொத்தமாக டோக்கன் போட்டால் கபாப் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். ஸ்டேக்குக்கு நம்பர் கூப்பிடும் வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பழக்கம் அப்படி, எல்லோருக்கும் வந்த பிறகுதான் சாப்பிடுவோம். அதற்குள் கபாப் ஆறி, கொழுப்பு உறைந்து, மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். ஆகவே எந்தக் கறி காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார்த்து வாங்குங்கள்.

சீக் கபாப் காத்திருக்காது. கம்பியிலிருந்து உருவின கையோடு வாயில் போட வேண்டும். மண்ணடியில் சாயங்காலம் அடுப்பு பக்கத்திலேயே நின்று சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியும். கடையிலும் அப்படியே செய்யுங்கள். முதல் டோக்கன் கபாபுக்கு மட்டும். வந்ததும் தின்று முடித்துவிட்டு அடுத்த பில்.

ஸ்டேக் கொஞ்சம் காத்திருக்கும். சொல்லப்போனால் காத்திருக்கத்தான் வேண்டும். கல்லிலிருந்து இறக்கியதும் வெட்டினால் சாறு முழுக்கத் தட்டில் ஓடிவிடும். நாலைந்து நிமிஷம் விட்டால் கறிக்குள்ளேயே தங்கும். கவுண்டரிலிருந்து தட்டைத் தூக்கி வந்து, சாஸ் ஊற்றி, டிஷ்யூ தேடி உட்காருவதற்குள் அந்த நேரம் தானாகவே ஆகிவிடும்.

பொறுமையான கறி என்றால் ப்ரிஸ்கெட், அதாவது நெஞ்சுக்கறி. மாட்டின் எடையைத் தாங்குகிற இடம் என்பதால் நார் அதிகம், சும்மா வறுத்தால் செருப்புத் தோல்தான். 110, 120 டிகிரி சூட்டில், புகையில் பத்து மணி நேரத்துக்கு மேல் போட்டு வைத்தால் அந்த நாரெல்லாம் கரைந்து ஜெலட்டினாக மாறும். வெட்டுகிற மேஜை பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வெளியே கரியாகக் கறுத்த மேல் ஓடு. கத்தி இறங்கியதும் உள்ளே ஓரத்தில் ஒரு சிவப்பு வளையம், அதற்குக் கீழே பழுப்புக் கறி. துண்டை விரலில் தொங்கவிட்டால் அறுந்து விழாமல் வளைய வேண்டும், லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். தொட்டாலே உதிர்ந்தால் வெந்தது அதிகம். அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்து "வேகலையே" என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், அது புகையால் வருகிற நிறம். எடை போட்டு விற்கிற கடையாக இருந்தால் முதலில் நூறு கிராம் வாங்கிப் பார்க்கலாம். "கொழுப்போட போடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குங்கள். கொழுப்பில்லாத பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

இங்கே ஒரு சின்ன சங்கதி. டெக்சஸ் பார்பிக்யூ என்றால் மெஸ்கீட் மரப் புகை என்று பெருமையாகப் பேசுவார்கள். அந்த மெஸ்கீட் யார் தெரியுமா? ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்குகிற நம்ம சீமைக் கருவேலத்தின் பங்காளி. கடைக்காரர் இறக்குமதி மரம் என்று விலை ஏற்றினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

சரி, ஸ்டேக்குக்கு வருவோம். இங்கேதான் காசு வீணாவது அதிகம். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாடு, இல்லாவிட்டால் காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக அதற்கெல்லாம் ஆகாமல் போன மாடு என்று சான்றிதழ் இருந்தால்தான் அறுக்கலாம். எருமைக்கும் அதே கதைதான். அப்படியென்றால் நம் ஊர்க் கறி பெரும்பாலும் முற்றின கறி. வெளிநாட்டு வீடியோவில் இளம் மாட்டின் கொழுப்போடிய துண்டைப் பார்த்துவிட்டு இங்கே டி-போன் (எலும்போடு வெட்டின முதுகுக் கறி), ரிப்-ஐ (விலாப் பக்கத்துக் கறி) என்று கேட்டால் தாடை வலிக்கும். அண்டர்கட் கேளுங்கள். கறிக்கடை பாயிடம் கேட்டாலும் இதே பெயர்தான். முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற, மாடு அதிகம் வேலை வாங்காத சதை, அதனால் வயசான மாட்டிலும் மிருதுவாக இருக்கும். பெரம்பூர் ரயில்வே குடும்பங்களில், குறிப்பாக ஆங்கிலோ இந்தியர் வீடுகளில், அண்டர்கட்டைத் தட்டி மெலிதாக்கி, வினிகரும் மிளகும் தடவி ஸ்டேக் போடுவது பழைய வழக்கம். ஸ்டேக் ஒன்றும் மால் வந்த பிறகு நம்ம ஏரியாவுக்கு வந்த பண்டம் இல்லை.

வேக்காடு கேட்டால் முதல் தடவைக்கு "மீடியம்", அதாவது நடுவில் லேசாகச் சிவப்பு இருக்கிற பதம், சொல்லுங்கள். வெல் டன், அதாவது உள்ளே முழுக்க வேகட்டும் என்று சொன்னால் அண்டர்கட் வாங்கியதற்கே அர்த்தமில்லை, அந்தக் காசுக்கு ஒரு கிலோ கறி வாங்கிச் சுக்கா போட்டிருக்கலாம். பணம் கட்டுகிற இடத்தில் சொன்னதோடு விடாமல், கல்லில் நிற்கிற பையனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "தம்பி, அந்த நம்பர் மீடியம்பா". செல்ஃப் சர்வீஸில் நமக்குக் கிடைக்கிற ஒரே சலுகை சமைக்கிறவர் முகத்துக்கு நேரே நிற்க முடிவதுதான். தட்டில் வடிகிற சிவப்பு நீர் ரத்தம் இல்லை. அது சதையிலிருக்கிற மயோகுளோபின் என்ற புரதமும் தண்ணீரும். பெரியவர்கள் முகம் சுளித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், எங்கள் சித்தப்பா மட்டும் இன்னமும் நம்பவில்லை.

வெட்டும்போது நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். கத்தி சுலபமாக இறங்கியும் வாயில் மாவு மாதிரி இருந்தால் கறியை மிருதுவாக்கப் போடுகிற பச்சைப் பப்பாளியை அதிகமாகத் தடவிவிட்டார்கள் என்று அர்த்தம். கபாபுக்குப் பப்பாளி சரி, ஸ்டேக்குக்கு எனக்குப் பிடிக்காது.

குழந்தைகள் பர்கர் கேட்டால் அதை மட்டும் முழுக்க வேகவைக்கச் சொல்லுங்கள். முழுத் துண்டில் கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், சூட்டில் செத்துவிடும். அரைத்த கறியில் வெளிப்பக்கம் உள்ளே போய்விடுகிறது. பர்கரில் மீடியம் கிடையாது.

வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடாதவர் யாராவது இருந்தால், சிக்கனும் சோளமும் தனிக் கல்லில் போடுகிறார்களா, இடுக்கி தனியா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சங்கடப்பட்டுக் கேட்காமல் விட்டால் அவர் வெறும் கோல்ஸ்லாவோடு (முட்டைக்கோஸ் சாலட்) எழுந்திருப்பார். சைடு டிஷ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மசித்த உருளைக்கிழங்கு ஒன்று போதும், பிரெஞ்சு ஃப்ரைஸ் எங்கேயும் கிடைக்கும்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்காமல் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. தட்டைத் தூக்கியதே நாம்தானே.

மிஞ்சினால் ஸ்டேக்கைப் பார்சல் கட்டாதீர்கள், அங்கேயே பங்கு போட்டு முடித்துவிடுங்கள். ப்ரிஸ்கெட் மட்டும் கட்டி வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாயோடு தோசைக்கல்லில் நன்றாகச் சூடேற பிரட்டி முட்டை உடைத்து ஊற்றினால் ரெண்டு பரோட்டாவுக்குத் தாங்கும்.