மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்னால் லைசென்ஸைப் படியுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் டி-ஷர்ட் பிரிண்டிங் நடத்தும் அம்மாவுக்கு,

இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய படத்தை பனியனில் அடித்து விற்றதற்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. மகளோ டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். "படம் போட்டா கேஸ்தான் வரும்" என்று சொல்லி, கொழுந்தனார் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசிவிட்டார். பயம் நியாயம்தான்.

நோட்டீஸை ஒரு வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும், அந்தச் சரக்கை உடனே விற்பனையிலிருந்து எடுங்கள். ஆனால் கொழுந்தனார் சொல்லும் காரணம் தப்பு. படத்துக்குப் பணம் கட்டினால் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. சாதாரண லைசென்ஸில் விளம்பரம் போடலாம். விற்கிற துணியில் அடிக்க பெரும்பாலான தளங்களில் கூடுதல் விலைக்குத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும். லைசென்ஸில் இதைச் சொல்லும் வாக்கியத்தைக் கண்டுபிடித்துக் காட்டியது மகள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளையா இதிலிருந்து விலக்கப் பார்க்கிறீர்கள்?

இன்ஜினியரிங் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது, நான் சொல்லவில்லை. பெரியமேட்டில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 4 வருஷ பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்), அதில் ஜவுளி டிசைன் பிரிவும் உண்டு. சேர, செய்முறைத் தேர்வில் வரைந்து காட்ட வேண்டும். கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணம்.

படிக்கும்போதே சட்டத்தையும் பழகட்டும். ஓவியரிடம் உரிமையை எழுதி வாங்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 வருஷத்துக்குத்தான்; இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். டிசைன் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் மெஷினில் 50 உருப்படிக்கு மேல் அடித்தால், பதிப்புரிமையே போய்விடும். எம்.சி. ரோட்டில் துணி வியாபாரம் செய்யும் எத்தனை பேருக்கு இது தெரியும்? சந்தைக்கு விடும் முன்பே பதிந்தால் 10 வருஷப் பாதுகாப்பு, இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். உலக அறிவுசார் சொத்து நிறுவனம் இதற்கான அடிப்படைப் படிப்பை இணையத்தில் இலவசமாகவே நடத்துகிறது. பட்டம் வாங்கியபின் தேர்வெழுதி, மற்றவர்களுக்காக வணிக முத்திரைகளைப் பதிவு செய்து தரும் டிரேட்மார்க் ஏஜென்ட்டும் ஆகலாம். அதற்கு வக்கீல் படிப்பு கட்டாயமில்லை.

முதல் வருஷமே பெரிய சம்பளம் வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்குப் பிடிக்காத சீட்டுக்காக பிரிண்டிங் மெஷினை அடகு வைப்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கொழுந்தனார் முன்பணம் கட்டியிருந்தால் இந்த வாரமே திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். கட்டவில்லையென்றால் கட்ட வேண்டாம்.