சுற்று வருவதற்கு முன்

அன்புள்ள அக்கா,

வணக்கம். பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். பிளஸ் டூவில் கணக்கு 84, இயற்பியல் 88, வேதியியல் 90. இன்ஜினியரிங் கவுன்சலிங் ரேங்க் வந்துவிட்டது, என் சுற்று இன்னும் தொடங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை போன்தான். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கட் ஆஃப் ஏறும் என்கிறார், இன்னொருவர் இறங்கும் என்கிறார். அம்மா வேலை விட்டு வந்ததும் "வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறார். சோறு இறங்கவில்லை. என்ன செய்ய?

ம., பந்தலூர்

அன்புள்ள ம.,

கணக்கை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் எடுத்தால், உன் கட் ஆஃப் மதிப்பெண் 84, 44, 45 சேர்ந்து 173. அது இனி மாறாது. உன் கையில் மிச்சமிருப்பது, எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு வேண்டும் என்று நீ வரிசையாகக் கொடுக்கும் சாய்ஸ் பட்டியல் ஒன்றுதான். அதைத் தொடாமல் குரூப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

ஏறும், இறங்கும் என்பவர்களுக்கு எதுவும் தெரியாது. உனக்கு முன்னால் நிற்பவர்கள் எதைக் கேட்கப்போகிறார்கள் என்பது அவர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. போன வருட மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதும் ஏமாற்றும். வினாத்தாள் எளிதாக இருந்த வருடத்தில் அதே 173 வெகுதூரம் பின்னால் போய்விடும். ரேங்கை ரேங்கோடு ஒப்பிடு, உன் சமூகப் பிரிவு ரேங்கையும் சேர்த்து.

பட்டியலை இன்றே ஒரு நோட்டில் எழுது. ஆசை வரிசையில்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வந்து, உன் முறையில் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். எட்டாத கல்லூரியை மேலே வைப்பதால் கீழே இருப்பது பறிபோகாது. ஆனால் பயத்தில் "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒன்றை முதலில் வைத்தால் அதுவே கிடைக்கும். நீ விரும்பிய இடம் உனக்குப் பின்னால் நிற்பவருக்குப் போகும். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எண்ணிக்கைக்கு வரம்பில்லை, தாராளமாக எழுது. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் உண்டு, ஆகவே கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுது. சிவிலிலும் மெக்கானிக்கலிலும் தமிழ்வழிக்குத் தனிக் குறியீடு இருக்கிறது, அதையும் கவனி.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யக் கிடைப்பது சொற்ப அவகாசம். கிடைத்ததில் சேர்வதா, அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே இடம் வந்தால் மாறுவதா என்பதை ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராக இப்போதே குறித்துவை. எதையும் அழுத்தாமல் விட்டால் அந்த இடம் போய்விடும்.

இனி நம் மலை விஷயம். கவுன்சலிங்கும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். மரம் விழுந்தால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். பதிவு செய்த எண் அப்பாவுடையதா? அந்த போன் தோட்டத்தில் அவர் சட்டைப் பையில் இருந்தால் ஓடிபி அங்கேதான் போகும். அந்த மூன்று நான்கு நாளும் போன் உன்னிடம் இருக்கட்டும். கடைசி நாள் மாலைக்கு வைக்காமல் முதல் நாளே பட்டியலை ஏற்றிவிடு. கல்லூரியில் சேரப் போகும்போது, கூடலூர் – ஊட்டி சாலையில் மண் சரியலாம் என்று கணக்கிட்டு ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். குரூப்பை மியூட் செய். அறிவிப்புப் பக்கத்தைக் காலை பத்தரைக்கு ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். அடிக்கடி பார்ப்பது பதற்றத்தை இரண்டு நிமிடம் தணிக்கும். அந்த இரண்டு நிமிட நிம்மதிக்காகவே கை மறுபடி போனைத் தேடும். அம்மாவிடம், "ஆறு மணிக்கு நானே சொல்றேன், அதுவரை கேக்காதீங்கம்மா" என்று சொல்லிவிடு. அவருடைய பயத்துக்கும் ஒரு நேரம் கிடைக்கும்.

தேயிலை நடுவில் இருப்பவளிடம் சொல்வது வம்புதான், இருந்தாலும் மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி இறங்கவே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். குளிருக்குச் சுக்கு மல்லி போதும். இரண்டு மணிக்கு விழித்தால் புரளாதே. எழுந்து உட்கார்ந்து, மனதில் ஓடுவதை நோட்டில் எழுது. பிறகு நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, ஐந்து நிமிடம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

இரண்டு வாரமாகியும் சோறு இறங்கவில்லை என்றாலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ, காத்திராமல் 14416-ஐ அழை. டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். 104-ம் உண்டு.

கல்விக் கட்டணச் சலுகைக்கான முதல்தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிட்டாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் நாளைக்கே இ-சேவை மையத்தில் கேள்.