யூ இல்லாத க்யூவும் ஒரு பானைத் தண்ணீரும்

"ஸ்கிராபிள் ஆடும்போது க்யூ, வி, இசட் மாதிரி எழுத்துகள் வந்து மாட்டிக்கொள்கின்றன. அவை உள்ள ஆங்கிலச் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் தேடினால் ஏமாற்று வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரோ உங்களைத் தோற்கடித்திருக்கிறார்கள். தோற்றதோடு போயிருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். சிரித்தும் இருக்கிறார்கள். எனக்கு அது என் சகலை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அவர் ஊட்டி கான்வென்ட். மே மாதம் எல்லோரும் திருச்சியில் மாமனார் வீட்டில் கூடுவோம். சாப்பாடு முடிந்து பெண்கள் டிவி பக்கம் போனதும் மாமனார் பீரோவிலிருந்து ஸ்கிராபிள் அட்டையை எடுப்பார். ஆங்கில எழுத்து வில்லைகளை ஆளுக்கு ஏழு எடுத்துக்கொண்டு, அட்டையில் சொல் கோக்கிற ஆட்டம்; ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். புள்ளிக் கணக்கைப் பேரேடு மாதிரி கோடு போட்டு எழுதுவார்.

கல்யாணமான முதல் வருஷம். பாதி ஆட்டத்தில் க்யூ வந்தது. நான் யூவுக்காகக் காத்திருந்தேன், வரவே இல்லை. கடைசியில் அந்தக் க்யூ கையிலேயே தங்கியதால் எனக்குப் பத்து குறைந்தது. முதலில் முடித்த சகலைக்கு அதே பத்து கூடியது. பதினாறு புள்ளியில் தோற்றேன். "க்யூ வந்தா யூவைத் தேடணும் தம்பி, இதைக்கூட உங்க ஸ்கூல்ல சொல்லித் தரலையா?" என்றார். மாமனார் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சிரிப்பை விட மோசம்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக யூ இல்லாத க்யூ சொற்களைத் தேடினேன். கி, காட், ஃபக்கீர், தலாக், கனாத். எல்லாவற்றையும் க்யூ போட்டு எழுதலாம். கவனித்தால் தெரியும், பெரும்பாலும் அரபியிலிருந்தும் சீனத்திலிருந்தும் ஆங்கிலத்துக்குள் வந்தவை. அதனால்தான் ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் விதி இவற்றுக்குச் செல்லாது. இதில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது கி. க்யூவும் ஐயும், இரண்டே எழுத்து; சீனர்கள் உயிர்மூச்சுக்குச் சொல்வது. கிரேக்க எழுத்துகளின் பெயர்களும் கை கொடுக்கும்: எக்ஸும் ஐயும் சேர்ந்தது ஒரு சொல், எம்மும் யூவும் சேர்ந்தது ஒரு சொல். இசட்டுக்குப் பக்கத்தில் ஏ போட்டாலும் செல்லும். பீட்சாவின் செல்லப் பெயராம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எஸ்ஸை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள். நூறு வில்லைகளில் நாலுதான் எஸ். பன்மை போட்டே எல்லோரும் ஜெயித்துவிடக் கூடாது என்று, விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் குறைத்து வைத்தார்.

"அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வதெல்லாம் ஒரு திறமையா?" என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள், தெரியும். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனார். அவரிடம் போய்க் கேளுங்கள்.

அடுத்த மே. ஆரம்பத்திலேயே க்யூவையும் ஐயையும் வைத்தேன். சகலை ஆட்சேபித்தார். மாமனாரின் அகராதி தலையணை கனம், அட்டை பிய்ந்து டேப் ஒட்டியது. அதில் அந்தச் சொல் இல்லை! வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலிலேயே 2006இல்தான் சேர்த்தார்கள், அந்தப் புத்தகம் அதற்கெல்லாம் முந்தையது. சொல்லிப் பார்த்தேன். "சீனாக்காரன் மூச்சு விடறதெல்லாம் இங்கிலீஷா?" என்றார் சகலை. என் முறை போயிற்று. அந்த வருஷம் கொடைக்கானல் போன வண்டி வாடகையில் அவர் பங்கு இன்றுவரை வரவில்லை. அதைப் பற்றி யாரும் ஆட்சேபிப்பதில்லை.

ஆட்டத்தின் நடுவில் என் தட்டில் இரண்டு வி ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தன. மொத்த ஆட்டத்துக்கும் இரண்டு விதான், இரண்டும் என்னிடம். க்யூவை விட விதான் சனியன். க்யூவுக்காவது கி இருக்கிறது, வி வருகிற இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. மற்றவை இ, டி, ஐ, இ, ஆர். இப்படிப்பட்ட நேரத்தில் சொல் முழுதையும் தேடாதீர்கள், வாலைத் தேடுங்கள். இ-ஆர், ஐ-என்-ஜி மாதிரி முடிவு இருந்தால் அதை வலது ஓரம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் புரட்டிப் பாருங்கள். நானும் இ-ஆரை ஒதுக்கினேன். மிச்சம் ஐந்தும் அசையவில்லை.

தாகம் எடுத்தது. திருச்சி மே மாதம், சொல்லவா வேண்டும். எழுந்து போய் மண்பானையில் ஒரு சொம்பு மொண்டேன். மாமியார் பானைக்குள் துணியில் முடிந்து வெட்டிவேர் போட்டிருப்பார். வாயருகே கொண்டுபோனதும் அந்த வாசனை. ஒரு வாய்தான் குடித்தேன், சொம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

வி, இ, டி, ஐ, வி, இ, ஆர். ஏழும் தீர்ந்தன. எழுத்து மதிப்பு மட்டும் பதின்மூன்று, ஏழையும் ஒரே முறையில் வைத்ததற்கு ஐம்பது தனி.

"இது தமிழ்டா!" என்றார் சகலை. மாமனார் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். விரலை வைத்து, வாய்க்குள் படித்துவிட்டு, பிறகு சத்தமாக: ஒரு வகைப் புல்லின் வேர், தமிழிலிருந்து வந்தது. சகலை புத்தகத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். அதற்குள் மாமனார் பேரேட்டில் எழுதிவிட்டார்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைத் தருகிற தளங்கள் நிறைய இருக்கின்றன. தெரியாத இடத்துக்குக் கேள்விக்குறி போட்டும் தேடலாம். ஆட்டம் முடிந்த பிறகு, எதைத் தவறவிட்டோம் என்று பார்ப்பது படிப்பு. ஆட்டத்தின் நடுவில் பாத்ரூம் போகிற சாக்கில் போனில் பார்ப்பது திருட்டு. நான் தண்ணீர் குடிக்கப் போனதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார். அன்று என் போன் மேஜை மேல்தான் கிடந்தது.

எந்த அகராதி செல்லும் என்பதை மட்டும் வில்லையைக் கையில் எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நான் இந்த மே மாதம் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போகிறேன், க்யூ பக்கத்தில் நூல் போட்டு.