பைக் சீட்டை ஸ்பேனர் இல்லாமல் கழற்றி மாட்டும்படி நாமே மாற்றிக்கொள்ளலாமா? அது பாதுகாப்பானதா?

மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றியிருக்கிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்கள் வண்டியில் சீட் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் யாராவது ஒரே வழியைச் சொன்னால் அதை நம்பி ட்ரில் மெஷினைக் கையில் எடுக்காதீர்கள். சாவி போட்டால் சீட் திறக்கும் வண்டி உங்களிடம் இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆகவே சீட்டின் முன்பக்கம் நாக்குபோல நீட்டிய ஒரு தகடும் பின்பக்கம் இரண்டு போல்ட்டும் உள்ள பழைய பாணி வண்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்படிக் கேட்டாலே "எதற்கு இந்த வேண்டாத வேலை, கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று வருபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக என் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். பிழைப்பு வாழையிலை வியாபாரம். ஏரல் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன் அறுத்த இலையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி, தூத்துக்குடி ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன். கட்டு உட்காருவது பின்சீட்டில்தான். இலையிலிருந்து வடியும் நீர் ரெக்சினின் தையல் துளைகள் வழியே ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடும். மேலே துடைத்தால் காய்ந்ததுபோலத் தெரியும், உட்கார்ந்தால் கசியும். தண்ணீர் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே வாழைக் கறையும் வரும். துணியில் ஏறிய வாழைக் கறையை எந்தச் சோப்பும் எடுக்காது என்பது தோட்டத்துப் பக்கம் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அதே வண்டியில்தான் அதே காலையில் வெள்ளைச் சீருடை போட்ட என் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடவேண்டும். பிளாஸ்டிக் உறை போடலாமே என்பார்கள். உறையின்மேல் ஈரக் கட்டு வழுக்கும், வளைவில் ஒருபக்கமாகச் சாயும்.

அதனால் பழைய சாமான் கடையில் அதே மாடலுக்கான இன்னொரு சீட்டை வாங்கினேன். இலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இரண்டுமே இருவர் உட்காரும் முழுச் சீட்டுகள். சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்லும்போது இது முக்கியமாகும்.

நூறு சிசி வண்டி, கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை. பின்பக்க நட்டுகளை மட்கார்டுக்கு அடியில் கைவிட்டுத் தொட்டுவிடலாம். ஆனால் ஸ்பேனர் போட்டால் கால் சுற்று சுற்றுவதற்குள் மட்கார்டில் இடிக்கும், எடுத்து மறுபடி போடவேண்டும். பாக்ஸ் ஸ்பேனர் நுழைய வேண்டுமானால் சைடு கவரைக் கழற்ற வேண்டும். அந்தக் கவர் ரப்பர் வளையத்துக்குள் செருகிய பிளாஸ்டிக் முளைகளில் நிற்கிறது. முளையை நேராக இழுக்காமல் ஒரு பக்கமாக நெம்பினால் அடியோடு ஒடியும். சர்வீசுக்கு விட்ட இடத்தில் ஒடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அமுக்கி வைத்து அனுப்பினார்கள், போகும் வழியில் கவர் விழுந்தது. புதிய கவரை ஒற்றையாகத் தரமாட்டோம், இரண்டும் சேர்த்துத்தான் வாங்கவேண்டும் என்று உதிரிபாகக் கடையில் சொன்னார்கள். உடையாத பக்கத்துக்கும் ஏன் பணம் கட்டவேண்டும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. தினம் இருமுறை சீட் மாற்றுகிறவன் கவரைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்தது அன்றுதான்.

எதைக் கழற்றுவதற்கு முன்பும் சீட்டை எது எப்படிப் பிடித்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். உட்காருகிறவரின் எடையைப் போல்ட் தாங்குவதில்லை. அடித்தகட்டின் கீழே இருக்கும் ரப்பர் புஷ்கள் சேசிஸ் குழாயின்மேல் உட்கார்ந்து எடையை வாங்கிக்கொள்கின்றன. முன்பக்க நாக்கு டேங்குக்குப் பின்னால் உள்ள பட்டிக்கு அடியில் நுழைந்து, முன்மூக்கு மேலே எழும்பாமல் தடுக்கிறது. பின்பக்க இரண்டு போல்ட்டுகள் மூன்று வேலைகளைச் செய்கின்றன: சீட் பின்னால் எழும்பாமல் பார்ப்பது, பக்கவாட்டில் ஆடாமல் பார்ப்பது, பின்னோக்கி நகர்ந்து நாக்கு வெளியே வந்துவிடாமல் பார்ப்பது. வண்டியை வேகமாக எடுக்கும்போது பின்னால் இருப்பவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறார். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது சீட் ஒரு கணம் எடையற்று மேலே வர முயல்கிறது. போல்ட்டுக்குப் பதிலாக நீங்கள் வைக்கும் எதுவும் இந்த மூன்றையும் செய்யவேண்டும். கழற்றுவது எவ்வளவு சுலபம் என்பது அதற்குப் பிறகுதான்.

என் வண்டியில் சீட்டின் அடித்தகட்டோடு சேர்ந்த ஒரு பட்டி, சேசிஸில் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின்மேல் (இனி இதைக் காது என்றே சொல்கிறேன்) வந்து உட்காரும். இரண்டையும் துளைத்துக்கொண்டு 8 மி.மீ. போல்ட் மேலிருந்து கீழே இறங்கும், அடியில் நட்டு. நான் போல்ட்டை எடுத்துவிட்டு, தலையுள்ள பின்னை, அதாவது மரையில்லாத இரும்பு முளையை, லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். காதின் துளை 9 மி.மீ., அதனால் தண்டை 8.5-க்குக் கடையச் சொன்னேன். பழைய போல்ட்டை அப்படியே வைத்துக் குறுக்கே துளை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மரை உள்ள தண்டு துளைக்குள் உரசி உரசிக் காதை அரம்போல அறுக்கும். மழமழப்பான தண்டு அப்படிச் செய்யாது. முனையைச் சற்றுக் கூராக்கிக்கொண்டால் இருட்டிலும் துளையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பின்னின் தலையைச் சீட்டுப் பட்டியோடு பற்றவைத்தாயிற்று, நட்டு இருந்த இடத்தில் ஒரு வாஷரும், ஆங்கில ‘ஆர்’ எழுத்துபோல வளைத்த வில்கம்பியான ஆர் கிளிப்பும். டிராக்டர் சாமான் கடைகளில் கிடைக்கும் அதே கிளிப்தான், விலை சில ரூபாய்கள்.

இதில் எல்லாமே அந்தக் கிளிப் நுழையும் 3 மி.மீ. குறுக்குத் துளை எங்கே வருகிறது என்பதில்தான் இருக்கிறது. சீட்டை நாக்கில் செருகி, பின்பக்கத்தைக் காதின்மேல் சும்மா வைத்தால், ரப்பர் புஷ்களின் தடிப்பால் பட்டிக்கும் காதுக்கும் இடையில் ஓர் இடைவெளி நிற்கும். அப்போது துளை வாஷருக்குள் மறைந்திருக்கவேண்டும். ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பட்டி காதில் படியும்போது வாஷரின் கீழ்விளிம்பு பின்னில் எங்கே வருகிறது என்று கூர் ஊசியால் கோடு கிழித்துக்கொண்டேன். துளையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டைத் தொடும்படி போட்டேன். இப்போது ஒரு கையால் சீட்டை அமுக்கினால்தான் துளை தலைகாட்டும், கிளிப் ஏறும். கையை எடுத்ததும் ரப்பர் சீட்டை மேலே தள்ளும், கிளிப் வாஷரோடு இறுகி நிற்கும். இந்த இறுக்கம் இருப்பதால்தான் கடகடவென்று சத்தம் வருவதில்லை, ஆட்டம் இல்லை, கிளிப்பும் தானாகச் சுழன்று தேய்வதில்லை. துளையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே போட்டுவிட்டு "சுலபமாக ஏறுகிறது" என்று மகிழ்கிறவரின் சீட் கொஞ்ச நாளில் பாட்டுப் பாடும். துளை போட்ட இடத்தில் பிசிறு நிற்காமல் உருண்டை அரத்தால் வழித்துவிட வேண்டும் என்பதை ஃபிட்டர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு கிளிப்பையும் சைக்கிள் பிரேக் கம்பித் துண்டால் சேசிஸோடு கட்டியிருக்கிறேன். கழற்றினாலும் கீழே விழாது, மறந்து வீட்டில் வைத்துவிட்டு வரவும் முடியாது. கிளிப்பின் வளையத்தில் ஒரு சிவப்பு ரெக்சின் துண்டு. வண்டிக்குப் பின்னால் நின்று குனிந்தால் இரண்டு சிவப்பும் தெரியவேண்டும். பூட்டியதுபோலத் தோன்றிப் பூட்டாமல் இருக்கும் சீட்தான் ஆபத்து. முழுவதும் கழன்ற சீட்டை யாரும் பார்க்காமல் ஏறி உட்காரமாட்டார்கள். நாக்கும் அப்படித்தான். டேங்குக்குப் பின்னால் உள்ள பட்டிக்கு அடியில் நுழையாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாலும் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். மாட்டியவுடன் முன்மூக்கைப் பிடித்து ஒருமுறை மேலே தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் உப்புக் காற்று, கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு கண்டதும் மாற்றிவிடுகிறேன்.

சிறகு நட்டு, ஸ்டார் நாப் போட்டால் போதும் என்பார்கள். கையால் முடுக்கும் இறுக்கம் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வுக்கு நிற்காது. ஸ்பிரிங் வாஷர் போட்டாலும் அடிக்கடி பார்த்து முடுக்கவேண்டும், பார்க்க மறந்த வாரத்தில்தான் அது கழலும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு கழலாது, ஆனால் அதற்கு மறுபடி ஸ்பேனர் வேண்டும். டிரங்குப் பெட்டிக் கொக்கி மேல்நோக்கிய இழுப்புக்கு நிற்கும், பக்கவாட்டு ஆட்டத்துக்கு நிற்காது. படித்தவர்கள் சிலர் ரேஸ் வண்டிகளின் ஃபேரிங்கில், அதாவது வெளிமூடியில் வரும், கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும் பூட்டைச் சொல்வார்கள். அது வில்லியம் ட்சூஸ் என்பவர் 1930களில் விமான எஞ்சின் மூடிகளைக் கருதி உருவாக்கியது. மெல்லிய தகட்டைச் சட்டத்தோடு பிடிக்க அருமையானது. இரண்டு பேர் உட்காரும் சீட்டை அதன் தலையில் கட்டக்கூடாது என்பது என் கருத்து. மாறுபடுபவர்கள் தங்கள் வண்டியில் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

என் முறையில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கவில்லை: பூட்டு கிடையாது. வழி தெரிந்தவன் நொடியில் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். என் வண்டி ஓட்டல் வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் நிற்பது, அதனால் கவலையில்லை. ரயிலடியில் நாள் முழுக்க நிறுத்துகிறவர் ஸ்கூட்டர் சீட் லாக்கை வாங்கி, சீட்டின் அடியில் ‘யு’ வடிவக் கம்பியைப் பொருத்தி, சாவியிலிருந்து கேபிள் இழுத்துக்கொள்வது நல்லது. அப்போதும் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்க வழிகாட்டும் பின்கள் வேண்டும். கேபிள் அறுந்தால் சீட் திறக்காது என்பதால், கொக்கியிலிருந்து இரண்டாவது கம்பி ஒன்றைக் கைக்கு எட்டும், பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

பற்றவைப்பதில் விளையாடவேண்டாம். சேசிஸ் குழாயில் பற்றவைக்கவோ துளை போடவோ கூடாது. இருக்கும் துளைகளுக்குள்ளேயே வேலையை முடிக்கவேண்டும். சீட்டில் பற்றவைப்பதற்கு முன் ரெக்சினையும் ஸ்பாஞ்சையும் கழற்றித் தள்ளி வைத்துவிடுங்கள். அந்த ஸ்பாஞ்ச் சட்டென்று பிடித்து எரியும், புகையும் நச்சு. சீட்டை வண்டியில் வைத்துக்கொண்டே பற்றவைக்கிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியானால், இரும்பு அடித்தகடு அமுங்கும்போது பாசிட்டிவ் முனையில் படாமல் ரப்பர் மூடி இருக்கிறதா என்றும், பின்விளக்கு ஒயர் பின்னின் வழியில் குறுக்கிடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்டம் பேசுபவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. என் சான்றிதழில் இருக்கை இரண்டு, வண்டியில் எப்போதும் இருப்பதும் இரண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி கேட்கும் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கர மறைப்பு மூன்றையும் நான் தொடவில்லை. பழைய போல்ட்டும் நட்டும் டூல் பையில் இருக்கின்றன. இருந்தாலும் எந்த அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது. வாரண்டி முடியாத புது வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

உங்கள் சீட்டின் அடித்தட்டு பிளாஸ்டிக் என்றால் நான் சொன்ன பற்றவைப்பு நடக்காது. பின்னின் தலைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே அகலமான இரும்புத் தகடு வைத்து நட்டால் இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் துளையைச் சுற்றி வெடிப்பு விடும். வண்டி மாடலையும், பின்பக்கப் போல்ட் மேலிருந்து கீழே இறங்குகிறதா, பக்கவாட்டில் ஏறுகிறதா என்பதையும் எழுதுங்கள். பக்கவாட்டில் ஏறும் வகைக்கு இந்தப் பின் பொருந்தாது, அதற்கு ஸ்கூட்டர் லாக்தான்.